புள்ளி விழாத தாளும் பழி சுமந்த பிள்ளையும்

 

இந்த இடுகையை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாகத் தயங்கினேன். நடந்த தவறு என்னுடையது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால், "அச்சுப்பொறியைப் பற்றியெல்லாமா எழுதுவது? எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா?" என்று உடன் பணியாற்றுவோர் கேட்பார்களே என்றுதான் தயங்கினேன். அவர்கள் கேட்டும்விட்டார்கள். இனித் தயங்கிப் பயனில்லை.

சென்ற தவணையில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு வாசிப்பு மதிப்பீடு நடத்தினேன். வாசிப்புத் தாளை வீட்டில் நானே தட்டச்சு செய்து, என் சொந்த அச்சுப்பொறியில், என் சொந்தக் காசில் வாங்கிய மையில், இரவு பதினொரு மணிக்கு அச்சிட்டேன். (இதைப் படிக்கும் ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போது தலையசைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.) மை மிச்சமாகட்டும் என்று 'வரைவு' முறையில் அச்சிட்டேன். மறுநாள் வகுப்பில் ஒருமுறை நானே உரக்கப் படித்துக் காட்டினேன். அதற்கு மறுநாள் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துப் படிக்கச் சொன்னேன்.

ஒரு மாணவன் வந்தான். முதல் இரண்டு வரிகளைத் தட்டுத்தடுமாறாமல் படித்தான். மூன்றாம் வரியில், "தம்பி பல் விளக்கினான்" என்ற இடத்தில் நின்றுவிட்டான். தாளை முகத்தருகே கொண்டு போனான். பிறகு மெல்ல, "தமபி பல விளககினான" என்று படித்தான். திருத்தினேன். அடுத்த வரியைச் சரியாகப் படித்தான். ஏழாவது வரியில் மறுபடியும் அதே பிழை. ஒரு வரியில் மெய்யெழுத்து தெரிகிறது, இன்னொரு வரியில் தெரியவில்லை என்றால் என்ன பொருள்? கவனக்குறைவு என்று முடிவு செய்தேன். மதிப்பேட்டில் அப்படியே எழுதினேன். குறைநீக்கல் வகுப்புக்குப் பரிந்துரைக்கலாமா என்றுகூடப் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவனுடைய அம்மா பள்ளி வாசலில் நின்றார். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். சண்டை போடவில்லை. தாளை நீட்டி, "டீச்சர், பையன் சரியாத்தான் படிக்கிறான். கொஞ்சம் இந்த வரியைப் பாருங்க," என்றார்.

பார்த்தேன். மூன்றாம் வரியில் ஒரு புள்ளிகூட இல்லை. ஏழாம் வரியிலும் இல்லை. மயிரிழை போன்ற ஒரு வெள்ளைக்கோடு, தாளின் இடமிருந்து வலமாக, எழுத்துகளின் தலைக்கு மேலே ஓடியிருந்தது. அது போன வழியில் இருந்த புள்ளிகள் அனைத்தையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. தாளில் அச்சாகியிருந்தது உண்மையாகவே "தமபி பல விளககினான" என்பதுதான்.

அப்படியானால் மற்றப் பிள்ளைகள் எப்படிச் சரியாகப் படித்தார்கள்? அவர்கள் படிக்கவில்லை. முதல் நாள் நான் உரக்கப் படித்ததைக் காதில் வாங்கி ஒப்பித்தார்கள். இவன் அன்று காய்ச்சலால் பள்ளிக்கு வரவில்லை. வகுப்பு முழுவதிலும் தாளில் உள்ளதை உள்ளபடி வாசித்த ஒரே பிள்ளைக்குத்தான் நான் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். நானோ அந்தத் தாளை நான்கைந்து முறை கையில் எடுத்துப் பார்த்தவள். என் கண்ணுக்கு அந்தக் குறை படவே இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய கண், பழகிய சொல்லில் இல்லாத புள்ளியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஏழு வயதுக் கண்ணுக்கு அந்த வசதி கிடையாது.

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது வந்த மறுமொழிதான் என்னை எழுத வைத்தது. "படிக்கத் தெரிந்த பிள்ளை எப்படியும் படித்துவிடும். எழுத்து ஓரளவு தெரிந்தால் போதாதா?" என்றார் ஒருவர்.

போதாது. பிற மொழிகளில் எப்படியோ, தமிழில் போதவே போதாது. நம் எழுத்தில் பொருள் தாங்கி நிற்பவை மிகச் சிறிய உறுப்புகள். புள்ளி போனால் 'பல்' 'பல' ஆகிறது. 'கண்' 'கண' ஆகிறது. மேல்விலங்கின் நுனியில் உள்ள சுழி அடைபட்டால் 'வீடு' 'விடு' ஆகிறது. 'மீன்' 'மின்' ஆகிறது. இரட்டைக் கொம்பின் மேற்சுழியை மை தின்றுவிட்டால் 'பேட்டி' 'பெட்டி' ஆகிவிடும். 'தேன்' 'தென்' ஆகிவிடும். மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் மையில் குழைந்தால் அது இரண்டு சுழியா மூன்று சுழியா என்று பிள்ளை எண்ணவா முடியும்? பக்கமெல்லாம் சற்று மங்கினாலும் பெரியவர்க்குப் பொருள் விளங்கிவிடும். எழுத்துக் கற்கும் பிள்ளைக்கு அந்தச் சிறு உறுப்புகளே பாடம். அவற்றை மங்கவிட்டுவிட்டுப் 'படி' என்பது எந்த வகையில் நியாயம்?

ஓலைச்சுவடிகளில் புள்ளியிடாமல்தானே எழுதினார்கள், அக்காலத்தார் படிக்கவில்லையா என்று இன்னொருவர் கேட்டார். நல்ல கேள்வி. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் வகுத்திருந்தும், ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் புள்ளியைத் தவிர்த்தனர். ஆனால் அந்தச் சுவடிகளைப் படித்தவர்கள் யார்? பாடலை முன்பே ஆசான் வாயால் கேட்டு மனனம் செய்தவர்கள். சீரும் தளையும் அறிந்தவர்கள். என் வகுப்பில் இருப்போர் புலவர்கள் அல்லர். காலையில் அவித்த முட்டையும் மைலோவும் குடித்துவிட்டு வரும் ஏழு வயதுப் பிள்ளைகள்.

சரி, கோளாறுக்கு வருகிறேன். அது ஏன் ஏற்பட்டது என்று அறிந்த பிறகுதான் என் கோபம் இன்னும் கூடியது. ஏனென்றால், ஐந்து நிமிட வேலையில் தடுத்திருக்கக்கூடிய பிழை அது.

மையைத் தெளிக்கும் அச்சுப்பொறியில் தலைப்பகுதி இடமும் வலமுமாக ஓடுகிறது. அதில் வரிசையாக நுண்துளைகள் உள்ளன. அடுத்தடுத்து மூன்று நான்கு துளைகள் காய்ந்து அடைபட்டால், தலை ஓடும் ஒவ்வோர் ஓட்டத்திலும் அதே உயரத்தில் ஒரு வெள்ளைக்கோடு விழும். ஒரு வரியில் உள்ள புள்ளிகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பவை அல்லவா? கோடு அங்கே போனால் எல்லாம் ஒருசேரப் போகும். அந்தக் கோடு குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். ஆகவே ஒரு வரி நன்றாயிருக்கும், மற்றொன்று பாழாயிருக்கும். நான் பிள்ளையின் தலையில் ஏற்றிய 'கவனக்குறைவு' அந்த இயந்திரத் தலையினுடையது!

வரைவு முறை இந்தக் கேட்டை இரட்டிப்பாக்குகிறது. நல்ல தரத்தில் அச்சிடும்போது தலை ஒரே இடத்தின் மீது ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஓடுவதால், ஓர் ஓட்டத்தில் விட்டுப்போனதை மற்றோர் ஓட்டம் நிரப்பிவிடும். வரைவு முறையில் அந்த இரண்டாம் ஓட்டம் கிடையாது. இடும் மைத்துளிகளும் குறைவு. கணக்குப் போட்டே பாருங்களேன். புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர் என்று கொள்வோம். அங்குலத்திற்கு 600 துளிகள் என்றால் அந்தப் புள்ளியின் குறுக்கே 12 துளிகள் விழும். 300 என்றால் 6 தான். அதிலும் பாதியை மிச்சப்படுத்தினால் எஞ்சுவது தூசிக்கும் புள்ளிக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது துளைச் சோதனை. எல்லா மைத்தெளிப்பு அச்சுப்பொறிகளிலும் பராமரிப்புப் பகுதியில் அதற்கான கட்டளை இருக்கிறது. ஒரு தாளில் படிக்கட்டு போலவோ கட்டம் போலவோ கோடுகள் விழும். கோடு எங்காவது விட்டுப்போயிருந்தால் அங்கே துளை அடைபட்டிருக்கிறது. பிறகு தலையைத் தூய்மை செய்யும் கட்டளையைக் கொடுத்து, மறுபடியும் சோதியுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து தூய்மை செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் மை வீணாகி உள்ளே இருக்கும் பஞ்சில் போய்ச் சேருகிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் இயந்திரமே நின்றுவிடும். சரியாகவில்லை என்றால் ஓரிரவு அப்படியே விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். காய்ந்த மை இளகிப் பல வேளைகளில் தானே வழிவிடும்.

இன்னொன்று. நம்மில் பலர் வேலை முடிந்ததும் சுவரில் உள்ள மின்விசையைத் தட்டி அணைத்துவிடுகிறோம். அச்சுப்பொறியின் சொந்தப் பொத்தானை அழுத்தி அணைத்தால்தான் தலை தன் இருப்பிடத்திற்குப் போய் மூடிக்கொள்ளும். சுவரில் அணைத்தால் தலை நடுவழியில் திறந்த வாயோடு நின்று, காய்ந்துபோகும். ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் அப்படி அணைத்துவிட்டுப் போய், பள்ளி திறந்ததும், "மைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று நானே பழிசொல்லியிருக்கிறேன். வாரம் ஒரு வண்ணத் தாளாவது அச்சிட்டு வந்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

நேர்கோடுகள் இரட்டையாகவோ நெளிந்தோ தெரிந்தால் அது அடைப்பு அன்று. தலையின் சீரமைப்புக் குறை. போகும்போது இட்ட துளியும் வரும்போது இட்ட துளியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. காலும் கொம்பும் இரட்டித்துத் தெரியும். அதற்குச் சீரமைப்புக் கட்டளை தனியே உண்டு. தூய்மை செய்து செய்து மையைக் கொட்டுவதில் பயனில்லை. கறுப்பு எழுத்தின் ஓரம் பழுப்பாகவோ பச்சையாகவோ கசிந்தால், கறுப்பு மை தீர்ந்து பிற வண்ணங்களைக் கலந்து கறுப்பாக்குகிறதா என்று பாருங்கள். சில இயந்திரங்கள் அப்படிச் செய்யும். தாளின் வகையைத் தவறுதலாகப் 'படத்தாள்' என்று தேர்ந்தெடுத்திருந்தாலும் அப்படி நேரலாம்.

லேசர் அச்சுப்பொறியின் குறைகள் வேறு வகை. அங்கே கோடு பெரும்பாலும் மேலிருந்து கீழாக, தாள் போகும் திசையில் விழும். நெட்டுக்கு ஒரு பட்டை மங்கினால் மைத்தூள் குறைந்திருக்கிறது. பேழையை எடுத்து மெதுவாக இருபுறமும் அசைத்துப் போட்டால் சில நாள் ஓடும். ஒரே கறை சம இடைவெளியில் கீழே கீழே திரும்ப வந்தால் ஏதோ ஓர் உருளையில் கீறலோ அழுக்கோ இருக்கிறது. விரலால் தேய்த்ததும் எழுத்து உதிர்ந்தால் சூடு போதவில்லை, அல்லது தாள் ஈரமாயிருக்கிறது. நம் நாட்டு ஈரக்காற்றில் பிரித்து வைத்த தாள்கட்டு இரண்டு நாளில் நமத்துவிடும். முறுக்கை மட்டும் டப்பாவில் போட்டு மூடி வைக்கிறோம். தாளையும் உறைக்குள் வைத்தால் என்ன?

இவை எதையும் தொடுமுன் பழி யாருடையது என்று தீர்மானிக்க ஓர் எளிய வழி உண்டு. கணினியின் துணையின்றி, அச்சுப்பொறியின் பொத்தான்களைக் கொண்டே அதன் சோதனைத் தாளை அச்சிடுங்கள். அது நன்றாக வந்து, உங்கள் பாடம் மட்டும் கெட்டு வந்தால் குற்றம் கோப்பில் இருக்கிறது. எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வருவதும், கொம்பு தனியே கழன்று நிற்பதும் மையின் குற்றமல்ல, எழுத்துருவின் குற்றம். ஒருங்குறிக்கு முந்திய காலத்துப் பழைய வினாத்தாள்களை இன்னும் வைத்துக்கொண்டு அல்லற்படுவோருக்கு இது நன்கு தெரியும். எழுத்துருவை உட்பொதித்துப் பி.டி.எஃப். ஆக மாற்றிய பிறகு அச்சிடுங்கள்.

நகலெடுக்கும் இயந்திரத்தின் கதை இதற்கு நேர்மாறு. அச்சுப்பொறி புள்ளியைத் தின்னும். நகலி இல்லாத புள்ளியை இட்டுவிடும்! கண்ணாடியில் ஒட்டிய ஒரு துகள், தோழி ஒருவரின் முதலாம் ஆண்டு வகுப்பில் 'படம்' என்பதைப் 'பட்ம்' ஆக்கி, முப்பது தாளிலும் அச்சேற்றியது. ஐயமிருந்தால் மூலத்தைத் தலைகீழாக வைத்து இன்னொரு நகல் எடுங்கள். கறை எழுத்தோடு சேர்ந்து இடம் மாறினால் அது மூலத்தில் உள்ளது. தாளின் அதே மூலையில் நின்றால் கண்ணாடியில் உள்ளது. தாள்களை மேலிருந்து தானே இழுத்துக்கொள்ளும் அமைப்பில், ஓரத்தில் ஒரு குறுகிய கண்ணாடிப் பட்டை இருக்கும். அதில் தூசி ஒட்டினால் பக்கம் முழுவதும் ஒரு கறுப்புக்கோடு ஓடும். ஈரமற்ற மென்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவே.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபின், பாடத்தாள்கள் புலனம் வழியே வீட்டுக்கு வரத் தொடங்கின. அந்தப் பழக்கம் இன்றும் நிற்கவில்லை. பல ஆசிரியர்கள் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறார்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது; சுருங்குவதில் முதலில் கரைவது நுண்ணிய பகுதிகளே. அதை நீங்கள் அச்சிட்டால் சாம்பல் நிறப் பின்னணியில் புள்ளி எது, நிழல் எது என்று தெரியாது. ஆவணமாக அனுப்பும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. அந்தத் தாய் கேட்டிராவிட்டால் நான் இன்றும் விழித்திருக்க மாட்டேன்.

மை விலை ஏறிக்கிடக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, கொடுப்பவள் நானும்தான். ஆனால் எதில் மிச்சம் பிடிக்கிறோம்? நம் பயிற்சித் தாள்களைப் பாருங்கள். நான்கு புறமும் பூக்கரை. மூலையில் வண்ணத்துப்பூச்சி. தலைப்புக்கு நிரப்பு வண்ணம். ஒரு பேழை எத்தனை பக்கம் அச்சிடும் என்று உறையில் போடும் கணக்கு, பக்கத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே மை படிவதாகக் கொண்டு போடப்படுவது. எழுத்து மட்டும் உள்ள பக்கம் அந்த அளவை ஒட்டியே இருக்கும். பூக்கரையும் நிரப்பு வண்ணமும் அதைப் பல மடங்காக்கிவிடும். வண்ணத்துப்பூச்சிக்கு முழு மையும் மெய்யெழுத்துக்குப் பட்டினியும் என்பது என்ன சிக்கனம்? பூச்சியை எடுத்துவிடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, வழக்கமான தரத்தில் அச்சிடுங்கள். தடித்த எழுத்தும் வேண்டாம், சுழிகள் அடைபடும். மூன்று தாள் கொடுக்கும் இடத்தில் இரண்டே கொடுத்தாலும் பிள்ளை ஒன்றும் கெட்டுப்போகாது.

நேரமில்லை என்பவர்களுக்கு: நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு 'புள்ளித்தாள்' வைத்திருக்கிறேன். ஃ, ண் ன் ந், ழ் ள் ல், வி வீ, கெ கே, கொ கோ, பல் பல, மின் மீன். இவை 12, 14, 18 அளவுகளில் ஒரே பக்கத்தில். அச்சிடத் தொடங்குமுன் ஒன்று, முடிந்தபின் ஒன்று. கடைசித் தாளைப் பார்ப்பது முதன்மை, ஏனெனில் தொடக்கத்தில் நன்றாக வந்தது முப்பதாவது தாளில் மங்கியிருக்கலாம். 2001-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்கள் விரிவுரைஞர் ஒருவர், கரும்பலகையில் எழுதியதும் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கடைசி மேசைக்குப் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார். அங்கிருந்து புள்ளி தெரியவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடியும் எழுத வேண்டும். இருபது பேர் முன்னிலையில் நான் மூன்று முறை அழித்து எழுதியிருக்கிறேன். பலகையில் கேட்ட அந்த ஒழுக்கத்தைத் தாளில் நாம் எப்போது கைவிட்டோம்?

எல்லாப் பழியையும் ஆசிரியரே சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பள்ளி அலுவலகத்தில் நல்ல லேசர் அச்சுப்பொறி ஒன்று இருக்கிறது. அது அலுவல் கடிதங்களுக்கு. பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடை நினைவூட்டல் அதில்தான் அச்சாகிறது. ரிங்கிட்டும் சென்னும் பளிச்சென்று தெரியும், ஒரு புள்ளி பிசகாது. பெரியவர்கள் படிக்கும் தாளுக்குச் சிறந்த அச்சு. எழுத்துக் கற்கும் பிள்ளையின் தாளுக்கு ஆசிரியை வீட்டுச் சமையலறை மேசையில் உள்ள, துளை அடைபட்ட பொறி. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின், பிள்ளையின் நிலையை எங்கள் வகுப்பறை மதிப்பீடே சொல்கிறது. அந்த மதிப்பீட்டின் தாள் இந்த அழகில் இருக்கிறது.

மதிப்பேட்டில் இருந்த குறிப்பை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'தாளில் பிழை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பென்சில் குறிப்பையும் அழித்தேன். அந்த மாணவனுக்குப் புதிய தாள் கொடுத்து மறுபடியும் படிக்கச் சொன்னேன். ஒரு பிழையும் இல்லை. இப்போதெல்லாம் தாளைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்குகிறான்.

முதலாம் இரண்டாம் ஆண்டு வாசிப்புத் தாள்களை மட்டுமாவது அலுவலக இயந்திரத்தில் அச்சிட இசைவு வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்தில் கேட்டேன். "அடுத்த கூட்டத்தில் பேசலாம்" என்றார்கள். அது வருகிற வெள்ளிக்கிழமை. நன்கொடை நினைவூட்டல் கடிதம் ஒன்றையும், புள்ளி போன அந்த வாசிப்புத் தாளையும் பக்கம் பக்கமாக ஓர் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.